சொட்டும்போதே குனிந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் கோடைக்காலக் கார் பராமரிப்பு என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. டயரில் காற்றைப் பாருங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், மதிய வெயிலில் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தீர்கள். ஆறாவது குறிப்புக்கு வந்தபோதுதான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ள இரண்டு பாட்டில் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான். தண்ணீர் ஏன் குறைகிறது, குறைந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று அரை வரிகூட இல்லை.

ரேடியேட்டர் என்ன, மாடு குடிக்கும் தொட்டியா, தினம் தினம் குறைவதற்கு? உள்ளே இருக்கும் தண்ணீர், வாட்டர் பம்ப் தள்ளத் தள்ள, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிச் சுற்றி வருகிறது. நல்ல வண்டியில் மாதக்கணக்கில் அளவு அப்படியே நிற்கும். வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் எஞ்சினுக்குள்ளேயே போய் ஆவியாகிறது. இரண்டும் நல்லதல்ல. பாட்டிலில் ஊற்றி ஊற்றி ஓட்டுவது, கூரை ஒழுகும்போது கீழே குண்டான் வைத்துவிட்டுத் தூங்கப் போவது மாதிரி.

குறை சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. உங்கள் ஆறாவது குறிப்பை நீங்கள் அச்சடிப்பதற்கு முன்னாலேயே மூன்று வாரம் ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் நான். அதன் பலனைத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் நெய்வேலிக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், இட்லித் தட்டை வெட்டாதீர்கள்.

நான் நெய்வேலியில் 33 வருடம் பம்ப் ஃபிட்டராக இருந்து 2012-ல் ஓய்வு பெற்றவன். நெய்வேலி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பழுப்பு நிலக்கரியும், ராட்சதச் சக்கரம் வைத்த வெட்டும் இயந்திரமும்தான் நினைவுக்கு வரும். உள்ளே வேலை பார்த்த எங்களுக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே ஆர்ட்டீசியன் ஊற்று அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்துவிடும். ஆகவே பம்புக்குத் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது. தானே புயல் 2011 டிசம்பர் 30-ம் தேதி எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது ஊரெல்லாம் கூரையைப் பற்றிப் பேசியது, நாங்கள் பம்பைப் பற்றிப் பேசினோம்.

இப்படிப்பட்ட ஆள் ஒரு காரின் வாட்டர் பம்பில் ஏமாந்தான் என்றால் சிரிப்பீர்கள். ஏமாந்ததே அந்த 33 வருட அனுபவத்தால்தான்.

வண்டி மாருதி 800, 2004 மாடல். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுப் போர்டிகோவில் நிற்கிறது. பதினைந்து வருடம் முடிந்ததும் பசுமை வரி கட்டிப் பதிவைப் புதுப்பித்தேன். ஐந்து வருடம் கழித்து மறுபடியும் புதுப்பித்தேன். கம்பெனி இந்த வண்டியின் உற்பத்தியையே 2014-ல் நிறுத்திவிட்டது. ஆனால் சாமான் இன்றைக்கும் கிடைக்கிறது, மூன்று சிலிண்டர், 796 சிசி, பானெட்டைத் திறந்தால் கையை விட இடம் இருக்கிறது. என் பேத்தி இதைத் ‘தாத்தாவோட டப்பா’ என்கிறாள். சரி, டப்பாதான்.

முதலில் பார்த்தது என் மனைவி. காலையில் கோலம் போட வந்தவர், ‘ஏங்க, வண்டிக்குக் கீழ பச்சையா ஏதோ சொட்டியிருக்குங்க’ என்றார். போய்ப் பார்த்தேன். நாலு சொட்டு. அப்போது நான் அவருக்கு ஒரு பாடம் எடுத்தேன். பம்பின் சுழலும் தண்டு, அதாவது ஷாஃப்ட், வெளியே வரும் இடத்தில் கிளாண்டு என்று ஒன்று இருக்கும், அதில் கயிறு மாதிரி பேக்கிங் சுற்றி இறுக்கியிருப்போம், அது லேசாகச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சொட்டு நிற்கும் அளவுக்கு இறுக்கினால் பேக்கிங் கருகி ஷாஃப்டையே தின்றுவிடும், சொட்டுகிற பம்ப்தான் சுகமான பம்ப் என்றெல்லாம் விளக்கினேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. சுரங்கத்துப் பம்புக்கு அது நூற்றுக்கு நூறு சரி.

கார் பம்பில் கிளாண்டு பேக்கிங் கிடையாது. அதில் இருப்பது மெக்கானிக்கல் சீல். கண்ணாடி போல வழவழப்பாகத் தேய்த்த இரண்டு வட்ட முகங்கள், ஒன்று கார்பன், ஒன்று பெரும்பாலும் பீங்கான் வகை, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க, ஒன்று நிற்கும், ஒன்று சுழலும். அது சொட்டவே கூடாது. சீலுக்கும், ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் பம்பின் உடம்பில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்து தண்ணீர் கசிந்தால் அது பேரிங்குக்குள் போகாமல் இந்த ஓட்டை வழியாக வெளியே சொட்டிவிடும். பேரிங்கைக் காப்பாற்றவும், நமக்குச் சொல்லவும்தான் அந்த ஓட்டை. எங்கள் நாலு சொட்டு அங்கிருந்துதான் வந்தது. சீல் போகிறது, என்னைக் கவனி என்று பம்ப் வாய் திறந்து சொல்லியிருக்கிறது. கேட்டது கோலம் போட வந்தவர், கேட்காதது பம்ப் ஃபிட்டர்.

அடுத்த மூன்று வாரமும் நான் செய்தது உங்கள் ஆறாவது குறிப்பு. இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, தோட்டத்துக் குழாயில் பிடித்த போர் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் பகுதிப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளியலறைக் குழாயில் வெள்ளைப் பூச்சு ஏறும், வாளியின் உள்பக்கம் உள்ளங்கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும், சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைத்தான் அலுமினியப் பம்புக்குள் ஊற்றினேன். தண்ணீரில் உள்ள உப்பு சூட்டில் பொருக்காகப் படியும், அந்தப் பொருக்கு சீலின் வழவழப்பான முகத்தில் கீறல் போடும், கீறல் விழுந்தால் ஒழுக்கு கூடும், கூடினால் நான் இன்னும் ஊற்றுவேன். என் செலவில், என் கையாலேயே பம்பை அரைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாரம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் மச்சினர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினோம். ரெட்டிச்சாவடி தாண்டும்வரை ஒன்றும் இல்லை. கிருமாம்பாக்கத்தில் போக்குவரத்து நெரிசல். தவளக்குப்பம் வரும்போது பானெட்டுக்குள்ளிருந்து சோளம் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டினேன். காலை பதினொரு மணி வெயில், பட்டுப்புடவையில் மனைவி, பின் சீட்டில் வரிசைத் தட்டு.

அங்கே நடந்ததுதான் நம் ஊர்ப் பொது அறிவு. வண்டி நின்ற இரண்டாவது நிமிடம் நாலு பேர் கூடினார்கள். உதவத்தான் வந்தார்கள், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஒருவர் பாட்டிலோடு வந்து ‘மூடியைத் தொறங்க சார், ஊத்திடலாம்’ என்று துணியைச் சுற்றிக் கையை வைத்துவிட்டார். பிடித்து இழுத்தேன். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. என் வண்டியின் மூடியில் 0.9 என்று அச்சடித்திருக்கும். அந்த அளவு அழுத்தத்தை உள்ளே தேக்கி வைப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும், அத்தனை தண்ணீரும் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி எதற்கும் உதவாது. அவர் ‘நாங்க எப்பவும் இப்படித்தான் சார் தொறப்போம்’ என்றார். எப்பவும் தப்பித்திருக்கிறார், அவ்வளவுதான்.

டீக்கடைக்காரர் இன்னொரு வைத்தியம் சொன்னார். ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சள் தூள். லாரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் திண்டிவனம் போகிற வழியில் இதே வண்டியில் நானே போட்டிருக்கிறேன். ரேடியேட்டர் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் மஞ்சள் போய் அடைக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும். பம்பின் சீல் ஒழுகினால் அங்கே அது எதையும் அடைக்காது, தேய்ந்த முகத்தில் இன்னும் கொஞ்சம் மண் சேரும்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மூடியை மெதுவாகத் திறந்து, கடையில் வாங்கிய கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் இரும்பும் அலுமினியமும் ஒரே நேரத்தில் சுருங்காது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் விரிசல் விழும். அப்புறம் ஃபேன் பெல்ட் ஓடும் பம்ப் புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். லொடலொட என்று ஆடியது. பேரிங்கும் போயிருந்தது. சொட்டு ஓட்டை காப்பாற்ற நினைத்த பேரிங். மனைவி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் பெரிதாகக் கேட்டது.

மனைவியை ஆட்டோவில் ஏற்றி விசேஷத்துக்கு அனுப்பிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்த இளைஞர் புல்லியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ரேடியேட்டரும் மாற்ற வேண்டும், 9,500 ஆகும் என்றார். பம்பைப் பற்றிச் சொன்னேன். அதையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார். அதோடு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். ‘நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்?’

இந்தக் கேள்வியை உங்கள் வாசகர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள், ஆகவே கொஞ்சம் நிற்கிறேன். தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு கதவு. எஞ்சின் 82 டிகிரி வாக்கில் சூடாகும்வரை மூடியிருந்து, அப்புறம் மெழுகு உருகி விரிந்து தானாகத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். குளிர் நாட்டுக்கு மட்டும் வைத்ததல்ல. எஞ்சின் அதன் சரியான சூட்டில் ஓடினால்தான் பெட்ரோல் முழுதாக எரியும், ஆயில் சரியான பதத்தில் இருக்கும். கழற்றிவிட்டால் எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும், மைலேஜ் குறையும். அது கெட்டு, மூடிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால் வண்டி கொதிக்கும், உண்மைதான். அதற்கு மருந்து புதிதாக ஒன்று போடுவது. கண்ணாடி அழுக்காகிவிட்டது என்று சன்னலையே பெயர்த்து வைப்பார்களா?

வண்டியைத் திருப்பி இழுத்துக்கொண்டு கடலூர் வந்தேன். இழுவைக்குக் கொடுத்தது தனிக் கதை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாமான் வாங்கப் போன கடையில் இரண்டு பம்ப் எடுத்து வைத்தார்கள். ஒன்று கம்பெனி சாமான், இன்னொன்று அதில் பாதி விலை. பாதி விலைக்காரனைக் கையில் எடுத்து ஷாஃப்டைச் சுற்றினேன். ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும், தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் லேசாக உரசியது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு வேலையைக் கடையிலேயே செய்யுங்கள். சுற்றும்போது ஒரே சீராகப் போக வேண்டும், எங்கேயும் தடுக்கக் கூடாது, ஆட்டினால் ஆடக் கூடாது. கம்பெனி பம்ப் 1,250 ரூபாய், டைமிங் பெல்ட் 480, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் வண்ணத் திரவமான கூலன்ட், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன்கள், கேஸ்கெட் பசை எல்லாம் சேர்த்து 2,600-க்குள் முடிந்தது.

டைமிங் பெல்ட் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த எஞ்சினில் பம்பைச் சுற்றுவது வெளியே இருக்கும் பெல்ட்தான். ஆனால் பம்ப் உட்கார்ந்திருப்பது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால். அதைக் கழற்றாமல் பம்பை வெளியே எடுக்க முடியாது. அவ்வளவு தூரம் போன பிறகு பழைய பெல்ட்டையே மாட்டினால், அடுத்த வருடம் பெல்ட்டுக்காக மறுபடி இதே வேலை.

துணைக்குத் தங்கை மகன் வந்தான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன், சிப்காட்டில் வேலை. ‘மாமா, ஒர்க்‌ஷாப்ல விட்டா மதியத்துக்குள்ள முடிச்சிடுவாங்க’ என்றான். எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் முழுக்கக் கழற்றல். பேட்டரி ஒயரைப் பிரித்து, முன்சக்கரம் ஒன்றை எடுத்து, வண்டியை ஸ்டாண்டில் உட்காரவைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. சுரங்கத்தில் நான் பார்த்த விபத்துகளில் பாதி, ‘ஒரு நிமிஷ வேலைதானே’ என்று ஆரம்பித்தவை. ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றியதும் பேசினில் விழுந்த தண்ணீர் பச்சையாகவும் இல்லை, தெளிவாகவும் இல்லை. குழம்பு நிறத்தில் வந்தது. அடியில் மஞ்சள் சேறு. திண்டிவனம் பயணத்தின் மஞ்சள்! ஏழெட்டு வருடமாக உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் அடியில் முட்டி, இறுகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் பம்ப் இறுகியிருக்காது. இல்லாவிட்டால் அலுமினியம் பிளக்கும். எது எங்கே இருந்தது என்று வரிசை மாறாமல் வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். சமையலறையில் கைக்குக் கிடைத்தது இட்லித் தட்டு. குழிக்கு ஒரு போல்ட்டு, மேலே இடது, மேலே வலது, கீழே என்று பம்பின் வடிவத்திலேயே அடுக்கினேன். இதைவிடப் பொருத்தமான கருவி எந்த டூல் கடையிலும் கிடைக்காது என்று இப்போதும் சொல்வேன். சாயங்காலம் மாவோடு வந்த மனைவி அதைப் பார்த்த பிறகு நடந்ததை இங்கே எழுத வேண்டாம். அந்தத் தட்டு இப்போது ஷெட்டில் நிரந்தர வேலையில் இருக்கிறது. புதுத் தட்டு 320 ரூபாய், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் புல்லி போல்ட்டு அசையவே இல்லை. வண்டியைக் கியரில் போட்டு, மருமகனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கித் தொங்கினேன். டப் என்று விட்டது. எனக்கு 70 வயது, போல்ட்டுக்கு 20 வயதுக்கு மேல். யார் முதலில் விடுவது என்று இருவருக்கும் போட்டி.

டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் கேம் புல்லியில் உள்ள குறியையும் கிராங்க் பக்கத்துக் குறியையும் அதனதன் நேருக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். எஞ்சின் வால்வுகள் எப்போது திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டு புல்லிகளின் உறவு. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி இருமிக்கொண்டே ஓடும். மருமகன் செல்போனில் படம் எடுத்தான். நான் அதை நம்பாமல் மகளின் பழைய நெயில் பாலிஷால் பெல்ட்டிலும் புல்லியிலும் கோடு போட்டேன். புதுப் பெல்ட் மாட்டும்போது பழைய பெல்ட்டின் கோடுகளுக்கு நடுவில் எத்தனை பல் என்று எண்ணிப் புதியதிலும் அதே கோடு. இந்த இடத்தில் கை நடுங்குகிறவர்கள், கடைசிவரை குறி எது என்று கண்ணால் பார்க்காதவர்கள், தயவுசெய்து இந்த வேலையில் இறங்க வேண்டாம். வீட்டிலேயே செய்யலாம் என்று எல்லோருக்கும் சொல்ல நான் வரவில்லை.

பம்ப் வெளியே வந்தது. இம்பெல்லரின் இறக்கைகள் கறையான் தின்ற ஓலை மாதிரி ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தன. பம்பின் உள்சுவரில் எங்கள் வீட்டு வாளியில் இருப்பது போலவே வெள்ளைப் பொருக்கு. சொட்டு ஓட்டைக்குக் கீழே பச்சையும் வெள்ளையுமாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதை மனைவியிடம் காட்டினேன். ‘கிளாண்டுங்களா?’ என்று மட்டும் கேட்டார்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதற்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். இரண்டாம் நாள் காலை முழுக்க எஞ்சின் பக்கத்து முகத்தைப் பிளேடால் பொறுமையாக, கீறல் விழாமல் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்தேன். பழைய கேஸ்கெட்டில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் புதியது அங்கே தூக்கிக்கொள்ளும். மேலே எவ்வளவு பசை பூசினாலும் நிற்காது. பசையை அள்ளி அப்பினால் பிதுங்கி உள்ளே போய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும், மஞ்சளுக்கு அண்ணன்.

மாட்டியது மதியத்துக்குள் முடிந்தது. ரேடியேட்டரையும் பிளாக்கையும் டிஸ்டில்டு வாட்டரால் மூன்று முறை அலசினோம். மூன்றாம் முறைதான் தெளிவாக வந்தது. பிறகு கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஊற்றினோம். நிறைந்துவிட்டது என்று மூடி, ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. சொட்டு இல்லை. பத்தாவது நிமிடம் சூட்டு முள் ஏற ஆரம்பித்தது, ஏறிக்கொண்டே போனது. அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அந்த ஒர்க்‌ஷாப் இளைஞர் சொன்ன ஹெட் கேஸ்கெட் ஞாபகம் வந்தது.

காற்று. காலிச் சுற்றில் தண்ணீர் ஊற்றினால் மேடான இடத்தில் காற்று மாட்டிக்கொள்ளும். பம்பால் காற்றைத் தள்ள முடியாது. சுரங்கத்தில் ஆயிரம் முறை செய்த வேலை, இங்கே மறந்துவிட்டேன். நன்றாக ஆறிய பிறகு, மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் குபுக் குபுக் என்று நாலைந்து குமிழி வந்து, அளவு சட்டென்று இறங்கியது. அரை லிட்டருக்கு மேல் குடித்தது. நிரப்பி மூடினேன். முள் பாதியில் நின்றது. ஹெட் கேஸ்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இதைப் பற்றி உங்கள் நிருபர் யாராவது எழுதினால் நல்லது. பேசினில் இருந்த பழைய கூலன்டைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி பேசினுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்தது. நல்ல வேளை, நக்கவில்லை. கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், அதனால் நாயும் ஆடும் தேடி வந்து குடிக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குழந்தைகளுக்கும் அதேதான். இதைத் தெருச் சாக்கடையில் ஊற்றுவதைத்தான் நான் எங்கும் பார்க்கிறேன். பழைய ஆயிலை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் வருகிறார்கள். பழைய கூலன்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மூடியுள்ள கேனில் ஊற்றி, ‘விஷம்’ என்று பெயின்டால் எழுதி, ஷெட்டில் உயரத்தில் வைத்திருக்கிறேன், இட்லித் தட்டுக்கு மேல். மாதத்துக்கு ஒரு நாள், ஊருக்கு ஒரு இடத்தில், வீட்டிலிருந்து வரும் இந்த மாதிரிச் சாமான்களை வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருந்தால் முதல் ஆளாக வருவேன்.

உங்கள் ஆறாவது குறிப்புக்கு வருகிறேன். வண்டியில் தண்ணீர் வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நடுவழியில் நின்றவனுக்கு எந்தத் தண்ணீரும் அமிர்தம்தான், போர் தண்ணீரானாலும் வீடு போய்ச் சேரலாம். சேர்ந்த பிறகு அதை முழுக்க வடித்துவிட்டு நல்லதை ஊற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று பேட்டரிக் கடையில் ஒரு வேளை டிபன் செலவுக்குள் கிடைக்கிறது. வண்டியில் வைப்பதானால் அதை வைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஊற்றினால் சரி. இரண்டாம் முறை ஊற்ற வேண்டி வந்தால், ஊற்றுவதற்கு முன்னால் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு அட்டையை விரித்து வைத்தால் போதும், எங்கே, என்ன நிறத்தில் சொட்டுகிறது என்று காலையில் தெரிந்துவிடும். தண்ணீராகத் தெளிவாக இருந்தால், ஏசி வண்டிகளில் அது ஏசித் தண்ணீர், பயமில்லை. பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று வண்ணத்தில் இருந்தால் கூலன்ட். புது மாடல் வண்டி வைத்திருப்பவர்களால் பம்பைத் தானே மாற்ற முடியாமல் போகலாம், பானெட்டுக்குள் விரலே நுழையாது. அட்டை விரிக்க எல்லோராலும் முடியும்.

எங்கள் போர்டிகோவில் இப்போது தினமும் அட்டை இருக்கிறது. காலையில் கோலம் போடும்முன் அதை எடுத்துப் பார்ப்பது மனைவியின் வேலை, அவரே எடுத்துக்கொண்டார். பம்ப் மாற்றி ஏழு வாரம் ஆகிறது. நேற்று அட்டையில் ஒரு சொட்டு இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். கோலத்துக்குத் தெளித்த தண்ணீர்.

அடுத்த கோடைக்கு அந்தப் பெட்டிச் செய்தியை மறுபடி போடும்போது ஆறாவது குறிப்பை மட்டும் மாற்றிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் ஃபிட்டர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.